மகாராணி பார்த்த மாப்பிள்ளை

பீட்டர்ஸ்பர்க், செப்டம்பர் 14

அன்புள்ள போல்யா அக்காவுக்கு,

இந்தக் கடிதத்தை யாருக்கும் காட்டாதே. அம்மாவுக்குக் காட்டவே காட்டாதே. படித்து முடித்ததும் அடுப்பில் போட்டுவிடு. சனிக்கிழமைதோறும் நான் பிரெஞ்சில் எழுதும் கடிதங்களை இந்த விடுதிப் பள்ளியின் தலைவி மதாம் கிரோல் படித்துப் பார்த்துத்தான் ஒட்டி அனுப்புகிறார். அதனால்தான் அவற்றில் நான் எப்போதும் நலமாகவே இருக்கிறேன். இது சலவைக்காரி ஸ்தெபனீதாவின் கூடையில், அழுக்குப் போர்வைகளுக்கு அடியில் வெளியே போகிறது. எல்லோரும் தூங்கிய பிறகு துணி அறைக்குள் கதவைச் சாத்திக்கொண்டு எழுதுகிறேன்.

அம்மாவின் முதுகுவலி எப்படி இருக்கிறது? உன் இருமல் நின்றதா?

அக்கா, நான் ஒரு தப்பு செய்துவிட்டேன். வியாழக்கிழமை மகாராணி பள்ளிக்கு வந்தார். அவர் வரும் நாளில் சூப்பில் இறைச்சி இருக்கும், அடுப்பில் விறகும் இருக்கும். நாங்கள் வெள்ளை ஏப்ரன் கட்டி வரிசையாக நிற்போம். அவரை 'அம்மா' என்றுதான் கூப்பிட வேண்டும். யாராவது ஒரு பெண்ணின் முன்னால் நின்று, "உனக்கு என்னம்மா வேணும்?" என்று கேட்பார். "நம்ம அம்மா நல்லா இருக்கணும், வேற ஒண்ணும் வேணாம்" என்று சொல்ல வேண்டும். ஒரு வாரமாக மனப்பாடம் செய்தோம்.

என் முன்னால் நின்றார். மோவாயைப் பிடித்துத் தூக்கினார். கையுறையில் ஊதாப்பூ வாசனை. எனக்கு எல்லாம் மறந்துவிட்டது. அம்மா உன்னைப் பற்றி எழுதிப் புலம்பும் ஒரே விஷயம்தான் நினைவுக்கு வந்தது.

"என் அக்காவுக்கு இன்னும் கல்யாணம் ஆகலை" என்றேன்.

மதாம் கிரோல் சுவரைப் பிடித்துக்கொண்டார். மகாராணி சிரித்தார். பின்னால் நின்ற செயலாளரிடம், "எழுதிக்குங்க" என்றார். அவர் நினைத்தால் முடிக்காமல் விடமாட்டாராம். உனக்குக் கோபமா?

உன் தங்கை,
கிளாஷா

*

கிலின்கா, அக்டோபர் 3

கிளாஷா,

நலமா? நானும் நலம் என்றுதான் எழுத வேண்டும், வேறு எப்படித் தொடங்குவது என்று தெரியவில்லை. அம்மாவின் முதுகுவலி போய்விட்டது. அரண்மனை முத்திரை போட்ட கடிதம் வந்த அன்று மண்டியிட்டு அரக்கை முத்தமிட்டாள். எழுந்தபோது முதுகு சரியாகியிருந்தது. உதட்டில் மட்டும் சிவப்பு ஒட்டியிருந்தது.

மாப்பிள்ளை பெயர் கர்னல் கொர்மிலின். மனைவியை இழந்தவர், மூன்று பிள்ளைகள், தொடையில் ஒரு குண்டுக் காயம். கல்யாணத்துக்குப் பிறகு அவருக்கு ஏதோ பதவி தருவதாக மகாராணி சொல்லியிருக்கிறாராம்.

"நான் மாட்டேம்மா" என்றேன்.

"யாரை மாட்டேங்குற? மகாராணியையா?"

"கர்னலை."

"ரெண்டும் ஒண்ணுதான்டி. உன் தங்கச்சி அங்க யார் தயவுல உக்காந்து சாப்பிடுறா? அப்பா போன பிறகு எனக்கு உதவித்தொகை யார் கையெழுத்துல வருது? போய் முகத்தைக் கழுவு."

மத்வேய் இலீச்சுக்கு நான் வாக்குக் கொடுத்திருப்பது உனக்கு மட்டும்தான் தெரியும். எல்லைத் தகராறில் நிலம் அளக்க வந்தவர் இரண்டு கோடைகளாக ஒரே வயலைத் திரும்பத் திரும்ப அளந்துகொண்டிருந்ததற்கு என்ன காரணம் என்று உனக்குத் தெரியாதா? தெரிந்தும் எப்படிச் சொன்னாய்? மகாராணி முன்னால் வாயைத் திறக்க உன் அக்காவின் கல்யாணம்தான் கிடைத்ததா? செருப்பு இறுக்குகிறது என்று சொல்லியிருக்கலாம். பல் வலிக்கிறது என்று சொல்லியிருக்கலாம்.

போர்வையை நன்றாகப் போர்த்திக்கொள்.

பெலகேயா

*

பீட்டர்ஸ்பர்க், அக்டோபர் 22

அன்புள்ள அக்காவுக்கு,

நலம். உன் நலத்தைக் கேட்க எனக்கு முகமில்லை. 'போல்யா' என்று போடாமல் 'பெலகேயா' என்று கையெழுத்துப் போட்டிருந்தாய். அதைப் பார்த்து இரண்டு நாள் சாப்பிடவில்லை. சாப்பிடவும் பெரிதாக ஒன்றும் இல்லை, வேகாத கூழ்தான்.

ஞாயிற்றுக்கிழமை கர்னல் என்னைப் பார்க்க வந்தார். பார்வையாளர் கூடத்தில் நாங்கள் கிராதிக்கு இந்தப் பக்கம், வருபவர்கள் அந்தப் பக்கம்.

"நீதான் தங்கச்சியா? உங்க அக்கா உன்ன மாதிரி ஒல்லியா, இல்ல கொஞ்சம் சதைப்பிடிப்பா?"

"அக்கா உயரங்க. கோபம் ஜாஸ்தி."

"கோபத்த பட்டாளத்துல நெறைய பாத்துட்டேன்."

"தூக்கத்துல குறட்டை விடுவா."

"நானும் விடுவேன். ஒருத்தர் விடுறது ஒருத்தருக்குக் கேக்காது."

உன்னைப் பற்றி எவ்வளவு மோசமாகச் சொன்னாலும் சிரிக்கிறார். கிராதி வழியாக ஒரு தேன் கேக்கை நீட்டினார், ஓரம் கடித்திருந்தது. வழியில் பசித்ததாம். கெட்டவராகவும் இல்லையே, அக்கா. கெட்டவராக இருந்தால் எவ்வளவு வசதியாக இருந்திருக்கும்.

இதையெல்லாம் யோசித்துக்கொண்டிருந்ததில் வேத பாட வகுப்பில் மாட்டிக்கொண்டேன். யாரை யார் மணக்கக் கூடாது என்ற உறவுப் பட்டியலைச் சிசோய் பாதிரியார் கேட்டார். ஒரே குழந்தையின் ஞானஸ்நானத்தில் ஞானத்தகப்பனாகவும் ஞானத்தாயாகவும் நிற்கிறவர்கள் பிறகு ஒருவரையொருவர் மணக்கலாமா என்றார். "மணக்கலாம்" என்றேன். முழுப் பட்டியலையும் எழுதி எழுதி விரல் வீங்கிவிட்டது. ஞானத்தகப்பனும் ஞானத்தாயும் கடவுள் முன்னால் சொந்தமாகிவிடுகிறார்களாம், அண்ணன் தங்கை மாதிரி. நான் என்ன, யாரையாவது மணக்கவா போகிறேன்?

ஒரு வார்த்தையாவது எழுது.

கிளாஷா

*

கிலின்கா, நவம்பர் 4

கிளாஷா,

எல்லோரும் சுகம். பதினைந்தாம் தேதி கிறிஸ்துமஸ் நோன்பு தொடங்குவதற்குள் கல்யாணத்தை முடித்துவிட அம்மா பார்த்தாள். எனக்குப் பல்லில் வீக்கம். இடது கன்னத்தைத் துணியால் கட்டிக்கொண்டு படுத்திருக்கிறேன். சில நாள் மறந்துபோய் வலது கன்னத்தைக் கட்டிவிடுகிறேன், அம்மா கவனிக்கவில்லை. நோன்பு தொடங்கினால் ஜனவரி ஆறாம் தேதித் திருநாள் வரை எந்தப் பாதிரியாரும் மணமுடித்து வைக்கமாட்டார். அதுவரை மூச்சு விடலாம்.

நீ எழுதிய உறவுப் பட்டியல். உங்கள் பாதிரியாரிடம் ஒன்று கேள். அந்த ஞானத்தகப்பன், ஞானத்தாய் முடிச்சை மேலிடத்தில் யாராவது அவிழ்க்க முடியுமா? பிஷப்? அவருக்கும் மேலே? சரியாகக் கேட்டு எழுது. ஏன் என்று கேட்காதே. இந்த ஒரு தடவையாவது உன் வாயை நம்புகிறேன்.

போல்யா

*

பீட்டர்ஸ்பர்க், நவம்பர் 19

அன்புள்ள அக்காவுக்கு,

உன் பல் குணமானதா, அல்லது இன்னும் கன்னம் மாறி மாறி வீங்குகிறதா? நான் நலம்.

உன்னை எனக்குப் புரியவே இல்லை. வீடு பற்றி எரியும்போது என்னிடம் வேத பாடம் கேட்கிறாய். கேட்டேன். ஏன் என்று கேட்காதே என்றாய், நான் கேட்கவில்லை. ஆனால் சிசோய் பாதிரியார் கேட்டார்.

"எதுக்குத் தெரிஞ்சுக்கணும் உனக்கு?"

"மறுபடி தப்பா சொல்லக் கூடாதுன்னு, ஃபாதர்."

"பிஷப்பால முடியாது. மேல இருக்கிற சபையால முடியாது. ஜார் மன்னரே வந்து நின்னாலும் முடியாது. தண்ணி தொட்டா தொட்டதுதான். புரியுதா?"

"புரியுது, ஃபாதர்."

"அப்ப இன்னொரு தடவை எழுதிட்டு வா."

ஆர்வம் காட்டினாலும் தண்டனை, காட்டாவிட்டாலும் தண்டனை.

இங்கே எல்லாம் மகாராணிதான். போன தடவை ஒரு பெண்ணைப் பார்த்து, "வெளிறின முகந்தான் அழகு" என்று சொல்லிவிட்டுப் போனார். அன்றிலிருந்து பெரிய வகுப்புப் பெண்கள் கன்னச் சிவப்புப் போவதற்காகக் காடி குடிக்கிறார்கள். நேற்று இரண்டு பேர் மயங்கி விழுந்தார்கள். அவருக்கு அது தெரியவே தெரியாது. தெரிந்தால் பதறி வைத்தியரை அனுப்புவார், வைத்தியர் எங்கள் எல்லோருக்கும் விளக்கெண்ணெய் கொடுப்பார். அதனால் யாரும் சொல்வதில்லை.

சாப்பாட்டுக் கூடத்தில் அவருடைய படம் இருக்கிறது. கல்யாணத்துக்கு முன்னால் வரைந்தது. கடலோரச் சின்ன ராஜ்யத்துப் பெண். அந்தப் படத்தைத்தான் இங்கே அனுப்பினார்கள். படம் பிடித்துப்போய் ஆளை வரவழைத்தார்கள். பதினாறு வயதில் வந்ததும் பெயரை மாற்றினார்கள், வேதத்தை மாற்றினார்கள். மதாம் கிரோல் இதை மாதம் ஒருமுறை கண்ணீரோடு சொல்வார். நாங்களும் கைக்குட்டை எடுக்க வேண்டும். படத்தில் அந்தப் பெண் யாரையோ தேடுகிற மாதிரி பார்க்கிறாள்.

கிளாஷா

*

பீட்டர்ஸ்பர்க், டிசம்பர் 9

அக்கா,

நலமா என்று கேட்டு எத்தனை நாள் ஆகிறது. ஸ்தெபனீதா ஒவ்வொரு வாரமும் வெறுங்கையை விரித்துக் காட்டுகிறாள். "பனியில தபால் வண்டி கவுந்திருக்கும்மா" என்கிறாள். எல்லா வாரமுமா கவிழும்?

உன்னைத் துணியில் சுற்றி வண்டியில் ஏற்றிவிட்டார்களா? அந்தப் பட்டியலை எதற்குக் கேட்டாய்? மடத்துக்குப் போகப் போகிறாயா? மதாம் கிரோல் நேற்று எல்லோருடைய விரல்களையும் முகர்ந்து பார்த்தார், மை வாசனைக்காக. நான் அடுப்புச் சாம்பலில் கையைத் தேய்த்துவைத்திருந்தேன். "பன்னி மாதிரி இருக்கியே" என்று கை நீட்டச் சொல்லிக் குச்சியால் அடித்தார். உனக்காக அடி வாங்கினேன். இரண்டு வரி எழுத உனக்கு வலிக்கிறதா?

கி.

*

கிலின்கா, டிசம்பர் 21

என் கண்ணே கிளாஷா,

நான் நலம். நிஜமாகவே நலம். அம்மா படுத்திருக்கிறாள், உடம்புக்கு ஒன்றுமில்லை, கோபம்தான். சாம்பலில் தேய்த்த உன் விரல்களை ஒவ்வொன்றாக முத்தமிடுகிறேன்.

கர்னல் போன வாரம் சறுக்குவண்டியில் வந்து இறங்கினார், என்னைப் பார்க்க. அதே வாரம் நம் வண்டிக்காரர் தரஸின் மனைவிக்கு ஆண் குழந்தை. பால் குடிக்கவில்லை, உடனே ஞானஸ்நானம் கொடுக்க வேண்டும் என்றார்கள். ஞானத்தாயாக நிற்க என்னைக் கேட்டார்கள். ஞானத்தகப்பன்தான் கிடைக்கவில்லை. அதாவது, கிடைக்கக் கூடாது என்று நான் தரஸிடம் சொல்லிவைத்திருந்தேன்.

அம்மா அடுப்படியில் கர்னலுக்காக மீன் பணியாரம் சுட்டுக்கொண்டிருந்தாள். நான் கர்னலிடம் போனேன்.

"ஒரு ஏழைக் குழந்தைக்கு ஞானத்தகப்பனா நிப்பீங்களா?" என்றேன்.

"நீங்க பக்கத்துல நிப்பீங்களா?"

"ஒட்டித்தான் நிப்பேன்."

மீசையை முறுக்கிக்கொண்டு கிளம்பிவிட்டார். பத்து வயதிலிருந்து பட்டாளப் பள்ளியிலும் கூடாரத்திலும் வளர்ந்த மனிதர். நம் ஊர்ச் சின்னப் பையனுக்குத் தெரிந்தது அவருக்குத் தெரியவில்லை. கோயிலில் நிக்கொன் பாதிரியார் அவரையும் என்னையும் மாறி மாறிப் பார்த்தார்.

"ஐயா, யோசிச்சுத்தான் நிக்கிறீங்களா?"

"அதுல யோசிக்க என்ன இருக்கு, ஃபாதர்? தொடங்குங்க. குதிரை குளிர்ல நிக்குது."

"அப்புறம் மனசு மாறினா எடுக்க முடியாது."

"நான் குண்டடிபட்டவன், ஃபாதர். தண்ணிக்கா பயப்படுவேன்?"

பாதிரியார் என்னைப் பார்த்தார். நான் மெழுகுவர்த்தியைப் பார்த்தேன். தொட்டியை மூன்று முறை சுற்றினோம். குழந்தை அவருடைய சீருடையை நனைத்துவிட்டது. அவர் அதையும் சிரித்துக்கொண்டே வாங்கிக்கொண்டார். எல்லாம் முடிந்து புத்தகத்தை மூடிவிட்டுப் பாதிரியார், "இன்னையிலிருந்து நீங்க ரெண்டு பேரும் அண்ணன் தங்கச்சி மாதிரி" என்றபோதுதான் அம்மா மாவுக் கையோடு கோயில் வாசலுக்கு ஓடிவந்தாள். அவள் போட்ட சத்தத்தில் குழந்தை பால் கேட்டு அழ ஆரம்பித்துவிட்டது.

கர்னலுக்கு விளங்க நேரமாயிற்று. விளங்கியதும் என் பக்கம் திரும்பினார்.

"வேணும்னே செஞ்சியா?"

"ஆமா."

"என்கிட்ட நேராச் சொல்லியிருக்கலாமே."

"சொன்னா நீங்க மகாராணிகிட்ட மாட்டேன்னு சொல்லியிருப்பீங்களா?"

மீன் பணியாரம் சாப்பிட்டுவிட்டுத்தான் போனார். குழந்தைக்குத் தன் வெள்ளிச் சிலுவையைக் கழற்றிக் கொடுத்துவிட்டுப் போனார். எனக்கு அதுதான் உறுத்துகிறது.

உன் போல்யா

*

பீட்டர்ஸ்பர்க், ஜனவரி 3

அன்புள்ள அக்காவுக்கு,

பண்டிகை வாழ்த்துகள். சிரிப்பு வெளியே கேட்டுவிடாமல் இருக்கத் தலையணையைக் கடித்துக்கொண்டு படித்தேன். பிறகு சிரிப்பு நின்றுவிட்டது.

நீ பாட்டுக்கு முடிச்சைப் போட்டுவிட்டாய். மாத முடிவில் மகாராணி இங்கே வருகிறார். அவர் முன்னால் நிற்கப் போவது நீயா, நானா? அம்மா அரண்மனைக்கு என்ன எழுதினாள்? வேண்டுமென்றே செய்தாய் என்று கர்னல் சொல்லிவிட்டாரா? நான் என்ன பதில் சொல்ல வேண்டும் என்று வார்த்தைக்கு வார்த்தை எழுதி அனுப்பு. இந்தத் தடவை தப்பில்லாமல் மனப்பாடம் செய்கிறேன். சத்தியம்.

கிளாஷா

*

கிலின்கா, ஜனவரி 16

அன்புள்ள கிளாஷா,

இங்கே கடும் குளிர். கிணற்றுக் கயிறு தடிபோல நிற்கிறது. அம்மா எழுந்து நடமாடுகிறாள், என்னிடம் மட்டும் பேசுவதில்லை. தரஸின் பையன் கொழுத்துவிட்டான்.

எதிர்பாராமல் நடந்துபோன பிசகு என்றுதான் அம்மா அரண்மனைக்கு எழுதியிருக்கிறாள். கர்னலும் அப்படியே சொல்லியிருக்கிறாராம். நல்ல மனிதர். நீ ஒன்றும் சொல்லாதே. கேட்டால் தெரியாது என்று சொல். இனி எதைக் கேட்டாலும் பயப்படாதே. அவ்வளவுதான் இப்போது எழுத முடியும். தபால் நிலையத்தில் நம் கடிதங்களைப் பிரித்துப் பார்க்கிறார்கள் என்று மத்வேய் இலீச் சொல்கிறார்.

வெள்ளிக்கிழமை நிக்கொன் பாதிரியாரின் கோயிலில் இருந்தேன். ஏழெட்டுப் பேர்தான். மணக் கிரீடங்கள் குளிரில் ஐஸ் கட்டி மாதிரி இருந்தன. கிரீடம் பிடித்த தரஸ் விரல் மரத்துப்போய்க் கை மாற்றிக்கொண்டே இருந்தான். ஒரு தடவை நழுவி என் நெற்றியில் இடித்துவிட்டது. இன்னும் நீலமாக இருக்கிறது. தொட்டால் வலிக்கிறது, தொட்டுக்கொண்டேதான் இருக்கிறேன்.

அடுப்பருகே பூட்ஸ்கள் காய்கின்றன. வீடு ஈரத்தோல் வாசனை அடிக்கிறது. எனக்குப் பிடித்திருக்கிறது.

போல்யா

*

பீட்டர்ஸ்பர்க், ஜனவரி 30

அக்கா,

நலம் கேட்க நேரமில்லை. இதை யாருக்கும் காட்டாதே, மத்வேய் இலீச்சைத் தவிர. அவருக்குக் கட்டாயம் காட்டு. உடனே காட்டு.

நான் உயிரைக் கையில் பிடித்துக்கொண்டு காத்திருந்தால் நீ கிணற்றுக் கயிறு பற்றி எழுதுகிறாய், யாருடைய கல்யாணத்திலோ இடித்துக்கொண்டது பற்றி எழுதுகிறாய், பூட்ஸ் பற்றி எழுதுகிறாய். பயப்படாதே என்று எழுதினால் பயம் போய்விடுமா? உன் கடிதத்தை எத்தனை முறை படித்தாலும் அதில் எனக்கு ஒரு வார்த்தையும் உதவவில்லை.

இன்று மகாராணி வந்தார். நேராக என்னிடம் வந்தார்.

"பாவம் உங்க அக்கா. எவ்வளவு துரதிர்ஷ்டம். ஞானஸ்நானத்துல போய் நின்னுட்டாளாமே. கவலைப்படாத. நான் இன்னொருத்தர் பாத்து வச்சிருக்கேன். கடற்படை. இதவிட நல்ல இடம்."

அவருக்கு என்மேல் கோபமே இல்லை, அக்கா. இருந்தால் தாங்கிக்கொண்டிருப்பேன். ஒரு மாப்பிள்ளை போனால் இன்னொரு மாப்பிள்ளை. இவரையும் ஞானத்தகப்பன் ஆக்கினால் மூன்றாவது வருவார். நம் ஊரில் அத்தனை குழந்தைகளுக்கு எங்கே போவது?

"வேணாம், அம்மா" என்றேன்.

மதாம் கிரோல் என் முதுகில் கிள்ளினார்.

"ஏன்?"

"அக்காவ யாரும் கேக்கலியே, அம்மா."

மகாராணி என்னையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு மெதுவாக, வேறு யாருக்கும் கேட்காத மாதிரி சொன்னார்.

"என்னயும் யாரும் கேக்கலம்மா. பதினாறு வயசு. வண்டி எல்லைய தாண்டுறதுக்குள்ள புதுப் பேரச் சொல்லிப் பழகிக்கச் சொன்னாங்க. நான் நல்லாத்தானே இருக்கேன்?"

அதற்கு என்ன பதில் என்று யாரும் எங்களுக்கு மனப்பாடம் செய்யச் சொல்லவில்லை. அவர் பதிலுக்காக நின்றார், அக்கா. நிஜமாகவே காத்திருந்தார். சாப்பாட்டுக் கூடத்துப் படத்தில் இருக்கும் அதே பார்வை. எனக்கு அதைத் தாங்க முடியவில்லை. வாயைத் திறந்துவிட்டேன்.

"அவளுக்குக் கல்யாணம் ஆயிடுச்சு, அம்மா."

"என்ன?"

"நிலம் அளக்கிறவரோட. மத்வேய் இலீச்னு பேரு. திருநாள் முடிஞ்சதும்."

"விரும்பியா?"

"ஆமா."

அவர் கையுறையின் விரலை இழுத்து இழுத்துவிட்டார். "அப்படியா" என்றார். பிறகு செயலாளரிடம் திரும்பி, "எழுதிக்குங்க" என்றார், அன்றைக்குச் சொன்ன அதே குரலில். "அவங்க ஊர்ப் பாதிரியார விசாரிங்க. நிஜமா இருந்தா தம்பதிக்கு மாதா படம் ஒண்ணு என் பேர்ல அனுப்புங்க."

நிஜமாக இல்லாவிட்டால் என்ன என்று அவர் சொல்லவில்லை. மதாம் கிரோல் சொன்னார். மகாராணி முகத்துக்கு நேராகப் பொய் சொன்ன பெண்ணைப் பள்ளியில் வைத்திருக்கமாட்டார்களாம். அம்மாவின் உதவித்தொகையும் போகுமாம். "நாளைக்கு உன்ன கவனிச்சுக்கிறேன்" என்று சொல்லிவிட்டுப் போனார்.

அரண்மனை ஆள் கிளம்புமுன் இது உனக்குக் கிடைக்க வேண்டும். ஸ்தெபனீதாவின் தம்பி விடியற்காலையில் நம் ஊர் வழியாக ட்வேர் பக்கம் வண்டி ஓட்டுகிறான். கெஞ்சிக் கேட்டிருக்கிறேன். ஈஸ்டருக்கு முந்தைய பெரிய நோன்பு தொடங்க இன்னும் நாள் இருக்கிறது. எப்படியாவது கல்யாணம் செய்துகொள், அக்கா. அம்மா கத்தினால் கத்தட்டும். உன்னிடம் பூட்ஸ் காயவைக்க நேரம் இருக்கிறது, கோயிலுக்குப் போய்ப் பிறர் கல்யாணத்தில் நெற்றியைக் கொடுத்துவிட்டு வர நேரம் இருக்கிறது, உன் கல்யாணத்துக்கு மட்டும்

இரு.

கிரீடத்தை மணப்பெண் தலைக்கு மேல்தானே பிடிப்பார்கள். பக்கத்தில் நிற்பவர்களுக்கு எப்படி இடிக்கும்? உன் நெற்றியில் ஏன் இடித்தது? அடுப்பருகே காய்வது யாருடைய பூட்ஸ்? அக்கா, நீ வெள்ளிக்கிழமை போனது யாருடைய

கதவை யாரோ தட்டு